அசக்தி என்னும் சொல்: பொருளும் வழக்கும்

ஸ்ரீ:

சென்ற ஐப்பசி அவிட்டத்தன்று, பூதத்தாழ்வார் திருநக்ஷத்ரத்தை முன்னிட்டுத் திருக்கடல்மல்லை சென்றிருந்தேன். சாற்றுமுறை ஆகி, தீர்த்தம் ஸ்ரீசடகோபம் ஸாதித்து, கோஷ்டி கலைந்த பின் ஓர் அம்மையார் அடியேனிடம் வந்து நின்றார். அவர் கேட்டது இது:

“ஸ்வாமி, எங்கள் அகத்தில் அவருக்கு நாலாயிரமும் கண்டஸ்தம். இருபது வருஷத்துக்கு மேல் கோஷ்டியில் ஸேவித்தவர். இப்போது திருமந்த்ரம்கூட நினைவில் இல்லை. அடியேன் பேரும் தெரியவில்லை. மறதி வியாதி, இது திரும்பாது என்று வைத்யர் சொல்லிவிட்டார். உறவினர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ‘இவர் அசக்தராகிவிட்டார், இனி அனுஷ்டானம் ஏது, அந்திம ஸ்ம்ருதி ஏது?’ என்று சொல்லிவிட்டுப் போனார். அசக்தர் என்றால் அதுதானா அர்த்தம்?”

“அதுவன்று, அம்மா” என்று மட்டும் அப்போது சொன்னேன். பஸ் நேரமாகிவிட்டதால் விரித்துச் சொல்ல இயலவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நம் அகங்களில் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லைப் பற்றியதாதலால் மற்றவர்க்கும் இது உதவக்கூடும்.

எழுத்தில் நேரும் மயக்கம்

முதலில் சொல்லின் உருவத்தைத் தெளிந்துகொள்ள வேண்டும். வல்லமையைக் குறிக்கும் ‘ஶக்’ என்னும் தாது ஸ்வாதி கணத்தைச் சேர்ந்தது. அதன்மேல் க்திந் ப்ரத்யயம் வர ‘ஶக்தி’ என்றும், க்த ப்ரத்யயம் வர ‘ஶக்தன்’ என்றும் ஆகும். நஞ் ஸமாஸத்தால் அஶக்தி, அஶக்தன் என்பன பிறக்கின்றன. தமிழில் இவற்றை அசக்தி, அசக்தன் என்று எழுதுகிறோம்.

இதனருகே வேறொரு சொல் நிற்கிறது. பற்றுதல் என்னும் பொருளுடைய ‘ஸஞ்ஜ்’ தாதுவிலிருந்து ‘ஸக்தன்’ என்பது வரும். பற்றுடையவன் என்பது பொருள். அதன் மறுப்பு ‘அஸக்தன்’, அதாவது பற்றற்றவன். க்ரந்த லிபியில் ஶகாரமும் ஸகாரமும் வெவ்வேறு எழுத்துகள். இரண்டையும் சகரத்தாலேயே அச்சிடும்போது வல்லமையற்றவனும் பற்றற்றவனும் ஒரே ‘அசக்தன்’ ஆகிவிடுகிறார்கள்.

கீதையிலேயே இரண்டும் உண்டு. மூன்றாம் அத்யாயம் 19-ஆம் ச்லோகத்தில் வருவது அஸக்தன். பற்றின்றிக் கர்மம் செய்பவனை அது கொண்டாடுகிறது. பன்னிரண்டாம் அத்யாயம் 11-ஆம் ச்லோகத்தில் வருவது அஶக்தன். அடியேனிடம் பாடம் கேட்ட ஒரு பிள்ளை, தமிழ் அச்சை மட்டும் பார்த்து முன்னதற்கு ‘சக்தியில்லாதவன் கர்மம் செய்யக்கடவன்’ என்று அர்த்தம் சொன்னான். பிழை அவனுடையதன்று, லிபியினுடையது. ஆதலால் மூலத்தை வாசிக்கும்போது எந்தச் சகரம் என்று பார்த்த பின்பே பொருள் கொள்ளவேண்டும்.

பன்னிரண்டாம் அத்யாயத்தின் அந்த இடம் நம் விஷயத்துக்கு மிகவும் வேண்டியது. 8-ஆம் ச்லோகம் முதல் 11-ஆம் ச்லோகம் வரை எம்பெருமான் ஒரு படிக்கட்டு அமைக்கிறான். மனத்தைத் தன்னிடமே நிலையாக வைக்கும்படி முதலில் சொல்கிறான். அது முடியாதாகில் அப்யாஸம். அதிலும் ஸாமர்த்யமில்லையாகில் தனக்கான கர்மங்கள். அதற்கும் அசக்தனாகில் கர்மபலத்தை விடுதல் என்று அடுத்தடுத்துக் காட்டுகிறான். ஒவ்வொரு படியிலும் ‘முடியாதாகில்’ என்ற பேச்சு வருகிறது. ஓரிடத்திலும் ‘முடியாதாகில் போ’ என்ற பேச்சு வரவில்லை.

நஞ்ஞின் பொருளும் சக்தியின் விஷயமும்

நஞ் என்னும் எதிர்மறைக்கு வையாகரணர்கள் ஆறு பொருள் கூறுவர்: ஒப்புமை, இன்மை, வேறாதல், சிறுமை, இழிவு, விரோதம். ‘அனுதரா கன்யா’ என்றால் வயிறே இல்லாத பெண் என்று யாரும் கொள்வதில்லை. சிற்றிடையுடையவள் என்றே கொள்கிறோம். அங்கே நஞ் சிறுமையைச் சொல்கிறது.

‘அசக்தி’யில் எந்தப் பொருள்? உறவினர் சொன்ன சொல்லில் இழிவுப் பொருள் ஏறியிருக்கிறது. சாஸ்த்ரத்தில் இச்சொல் வருமிடங்களில் இழிவு இல்லை. இன்மையோ சிறுமையோதான் உண்டு. அவ்வின்மையும் ஒரு விஷயத்தைக் குறித்த இன்மையே. சக்தி என்பது எப்போதும் ‘இதற்கு’ என்ற ஒன்றை வேண்டி நிற்கும். நெருப்புக்குச் சுடுவதில் சக்தி, நனைப்பதில் அசக்தி. அதனால் நெருப்பு தாழ்ந்ததாகிவிடுமோ? ஆகவே ஒருவரை அசக்தர் என்று சொன்னால், ‘எதில்?’ என்று கேட்டாலொழிய வாக்யம் முடிவதில்லை.

இவ்வுண்மைக்கு நம் செங்கல்பட்டுச் சீமையிலேயே ஒரு சான்று சொல்வார்கள். 1794 முதல் 1798 வரை ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்னும் ஆங்கிலேயருக்கு இச்சீமை முழுதும் அதிகாரம் இருந்தது. ஆனால் மழையில் மதுராந்தகம் ஏரிக் கரை உடைவதைத் தடுக்கும் வல்லமை அந்த அதிகாரத்துக்கு இல்லை. கரை பிழைத்தால் தாயார் ஸந்நிதியைக் கட்டித்தருவதாக அவர் சொன்னதும், பெருமழை பெய்த இரவில் வில்லேந்திய இருவர் கரையைக் காப்பதைக் கண்டதும், வாக்கை நிறைவேற்றியதும் அந்த ஸ்தலத்தார் தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. ஏரி காத்த ராமன் என்னும் திருநாமம் இன்றும் அதை நினைப்பூட்டுகிறது. எல்லாம் வல்லவராகத் தோன்றியவரும் ஒரு விஷயத்தில் அசக்தர் என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டியது.

‘அப்படியானால் ஜீவன் முழுதும் அசக்தனோ?’ என்று கேட்கலாம். அதுவும் நம் ஸித்தாந்தமன்று. ஜீவன் கர்த்தா என்று ஸ்ரீபாஷ்யகாரர் கர்த்ரதிகரணத்தில் நிலைநாட்டுகிறார். இல்லையேல் ‘இதைச் செய், இதைச் செய்யாதே’ என்னும் சாஸ்த்ரம் வீணாகும். அக்கர்த்ருத்வமும் பரமாத்மாவின் அதீனம் என்பதைப் பராயத்தாதிகரணம் காட்டுகிறது. ஆகவே நமக்குச் சக்தி உண்டு. அது கொடுக்கப்பட்ட சக்தி. கொடுத்தவன் ஒருவன் இருக்க, அது குறையும்போது குறைந்தவனை இகழ நமக்கு என்ன உரிமை?

தமிழ் வழக்கில் இச்சொல்லின் உறவுகள்

தமிழில் இப்பொருளுக்குச் சொற்கள் பல. அவற்றுள் மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது ‘மாட்டேன்’. இக்காலத்தில் இது மறுப்பைக் குறிக்கிறது. ‘வரமாட்டேன்’ என்றால் வர மனமில்லை என்பது பொருள். பழந்தமிழில் ‘மாட்டுதல்’ வல்லமையையே குறித்தது. ஆகவே ‘மாட்டேன்’ என்பது ‘வல்லேனல்லேன்’ என்பதாகும். ‘கில்லேன்’ என்பதும் அவ்வாறே. அருளிச்செயலில் இச்சொற்கள் வருமிடங்களை இன்றைய காதால் கேட்டால், ஆழ்வார் எம்பெருமானிடம் பிடிவாதம் பிடிப்பதுபோல் தோன்றும். அவர்கள் சொல்வது இயலாமையை. இயலாமையைச் சொன்ன சொல் இன்று மனமில்லாமையைச் சொல்லும் சொல்லாக மாறியிருப்பது நம் மனத்தின் சரித்திரமும் ஆகும். முடியாது என்று நாம் சொல்லும் இடங்களில் பாதி, மனமில்லை என்பதாகவே இருக்கிறது.

இரண்டாவது ‘வல்லார்’. திருமொழிகளிலும் திருவாய்மொழிகளிலும் பலச்ருதிப் பாசுரத்தில் பல இடங்களில் இச்சொல் வருகிறது. அந்தப் பத்தையும் ஓத வல்லவர்க்கு இன்ன பலன் என்று ஆழ்வார்கள் அறுதியிடுகிறார்கள். கோஷ்டியில் நிற்பவன் ஒவ்வொரு பதிகமும் முடியும்போது தன்னை அந்த வல்லாருள் ஒருவனாக எண்ணி மகிழ்கிறான். ஓதும் வல்லமை ஒருநாள் அவனை விட்டுப் போனால் அவன் எந்தக் கணக்கில் சேர்வான்? அம்மையார் கேட்ட கேள்வியின் ஆழம் இதுவே. இதற்குப் பின்னர் வருகிறேன்.

மூன்றாவது அன்றாட வழக்கு. ‘உடம்பு முடியவில்லை’, ‘தள்ளாத வயது’, ‘ரொம்ப அசக்தமாக இருக்கிறார்’ என்று நம் அகங்களில் சொல்கிறோம். இவற்றில் இரக்கம் இருக்கிறது. ‘கையாலாகாதவன்’ என்னும் சொல்லில் இரக்கம் இல்லை. கையால் ஒன்று ஆகாத நிலையைக் குறித்த சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. வடசொல்லிலும் இது நேர்ந்திருக்கிறது. ‘க்ருபணன்’ என்றால் உலகில் உலோபி. ப்ரபத்தியின் அங்கங்களுள் ஒன்றான ‘கார்ப்பண்யம்’ என்பதோ, தன் கையில் முதலில்லாமையை எண்ணிச் செருக்கொழிந்திருப்பது. ஆகவே ‘அசக்தர்’ என்ற சொல்லை வாயில் எடுக்கும்போது, அதை முடியவில்லை என்பதன் பக்கத்தில் வைக்கிறோமா, கையாலாகாதவன் என்பதன் பக்கத்தில் வைக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அனுஷ்டானத்தில் அசக்தன்

தர்மசாஸ்த்ரம் அசக்தனை மறக்கவில்லை. முக்யகல்பம், அனுகல்பம் என்று இரண்டாக வகுத்து, முதலாவதைச் செய்ய இயலாதவனுக்கு இரண்டாவதை விதித்தது. ஸ்நானத்தையே எடுத்துக்கொள்வோம். நீரில் முழுகும் வாருணம் முதலாக ஏழு வகை ஸ்நானங்களை ஸ்ம்ருதிகள் கூறுகின்றன. படுக்கையிலிருந்து எழ இயலாதவனுக்கு மந்த்ரஸ்நானம் உண்டு. அதுவும் இயலாதவனுக்கு எம்பெருமானை நினைக்கும் மானஸ ஸ்நானம் உண்டு. ஏகாதசியில் முழு உபவாஸம் இருக்க முடியாத முதியவர்க்கும் நோயாளிக்கும் குழந்தைகளுக்கும் பாலும் பழமும் பலகாரமும் ஏற்பட்டது இவ்வழியில்தான்.

இதற்கு ஒரு காவலும் உண்டு. முக்யகல்பத்துக்குச் சக்தனாயிருந்தும் அனுகல்பத்தைப் பிடித்துக்கொள்பவனுக்குப் பரலோக பலன் இல்லை என்று மனு கூறுகிறார். கைங்கர்யத்துக்கு அழைத்தால் ‘அடியேன் அசக்தன்’ என்று விநயமாகச் சொல்லிவிட்டு, அன்று மாலையே சொந்தக் கார்யமாக வெளியூர் புறப்படுகிறவரை நாம் அறிவோம். அடியேனும் சில சமயம் அப்படிச் செய்ததுண்டு. அங்கே அசக்தி என்பது சோம்பலுக்குப் போர்த்திய பட்டு.

ஆக, சக்தன் தன்னை அசக்தன் என்று சொல்வது ஒரு குற்றம். அசக்தனைப் பதிதன் என்று சொல்வது மற்றொரு குற்றம். முன்னது தன்னைக் கெடுக்கும். பின்னது பிறரைப் புண்படுத்தும்.

ஆசார்யர்களின் திருவுள்ளம்

ப்ரபத்தி சாஸ்த்ரத்தில் இச்சொல் உயர்ந்த இடத்தில் நிற்கிறது. ஆளவந்தார் ஸ்தோத்ரரத்னத்தின் 22-ஆம் ச்லோகத்தில், தமக்குக் கர்மநிஷ்டையும் ஆத்மஜ்ஞானமும் பக்தியும் இல்லை, கைம்முதலும் இல்லை, வேறு புகலும் இல்லை என்று எண்ணிக் காட்டித் திருவடியைப் பற்றுகிறார். நம்மாழ்வாரும் ஐந்தாம் பத்தின் ஏழாந் திருவாய்மொழியில் சிரீவரமங்கல நகர்ப் பெருமான் முன் தம்மிடம் ஒன்றுமில்லாமையையே விண்ணப்பிக்கிறார்.

ஸ்வாமி தேசிகன் (1268–1369) ரஹஸ்யத்ரயஸாரத்தில் ப்ரபத்திக்கு ஆகிஞ்சன்யமும் அநந்யகதித்வமும் விசேஷ அதிகாரங்கள் என்று நிரூபிக்கிறார். ஆகிஞ்சன்யமாவது வேறு உபாயங்களைச் செய்யும் ஸாமர்த்யம் இல்லாமை. அறிவின்மை, சக்தியின்மை, சாஸ்த்ரம் அதிகாரம் கொடாமை, பலன் தாமதிப்பதைப் பொறாமை ஆகியவற்றால் அது வரும். இங்கே அசக்தி ஒரு தகுதி. பசி என்பது உணவுக்குத் தகுதியாவது போல.

பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் வேறொரு பக்கத்திலிருந்து நோக்குகிறார். பிற உபாயங்களை விடுவதற்கு அறிவின்மையும் சக்தியின்மையும் முக்யமான காரணங்களல்ல. எம்பெருமானுக்கே பரதந்த்ரமான ஆத்மஸ்வரூபத்தோடு அவை பொருந்தாமையே முக்யமான காரணம் என்பது அவர் திருவுள்ளம். சக்தியுடையவனும் தன் சக்தியைத் தன் ரக்ஷணத்துக்குக் கருவியாக எண்ணலாகாது என்று தேறுகிறது. மணவாள மாமுனிகள் (1370–1443) தம் வ்யாக்யானத்தில் இதை விசதமாக்கியருளினார்.

இவ்விரண்டு நிலைகளின் தாரதம்யத்தை இங்கு ஆராயப் புகவில்லை. அதற்குப் பெரியோர்கள் பலர் எழுதிய க்ரந்தங்கள் உண்டு. இரு ஸம்ப்ரதாயத்தாருக்கும் ஒத்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் பக்ஷத்தில் அசக்தி வாசலாகிறது; மற்றவர் பக்ஷத்தில் சக்தியே தடையாகக் கூடும். அசக்தி கதியைத் தடுக்கும் என்பது இருவர் பக்ஷத்திலும் இல்லை. உறவினர் சொன்ன வார்த்தைக்கு எந்த ஆசார்யருடைய துணையும் கிடையாது.

கடல்மல்லையில் கிடந்த வார்த்தை

சொல்லாராய்ச்சி இவ்வளவு போதும். இப்பொருளை ஒரு பெருமான் தன் கிடையாலேயே சொல்லிக்கொண்டிருக்கும் ஊரிலிருந்துதான் இக்கேள்வி வந்தது.

புண்டரீகர் என்னும் மஹர்ஷி தாமரை மலர்களைக் கொய்து, திருப்பாற்கடல் நாதனின் திருவடிகளில் ஸமர்ப்பிக்க ஆசைப்பட்டார் என்பது திருக்கடல்மல்லை ஸ்தலபுராணம். இடையில் கடல் நின்றது. நீரை இறைத்து வழியுண்டாக்கலாம் என்று கையாலேயே அள்ளி இறைக்கத் தொடங்கினார். கைகள் ஓய்ந்தன; கடல் குறையவில்லை. அப்போது எம்பெருமான் ஒரு கிழ அந்தணனாக வந்து, தனக்குப் பசி என்று அன்னம் கேட்டான். ரிஷி உணவு கொண்டுவரப் போய்த் திரும்பினார். வந்து பார்த்தால் கிழவன் இல்லை; எம்பெருமான் வெறுந்தரையில் பள்ளிகொண்டிருந்தான். ஆதிசேஷனாகிய படுக்கையை விட்டுத் தலத்திலே சயனித்தமையால் ஸ்தலசயனப் பெருமாள் என்று திருநாமமாயிற்று.

இவ்விருத்தாந்தத்தில் மூன்று செய்திகளைக் கவனிக்கவேண்டும். முதலாவது, கடலை இறைப்பது ரிஷியால் ஆகாத கார்யம். அன்னம் கொண்டுவருவது ஆகும் கார்யம். ஆகும் கார்யத்தைப் பெருமான் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆகாததைத் தானே செய்தான். இரண்டாவது, ஸர்வசக்தன் வரும்போது பசித்த கிழவனாக, அதாவது அசக்தனுடைய வேஷத்தில் வந்தான். மூன்றாவது, ரிஷி பாற்கடலைச் சேரவில்லை. பாற்கடல் நாதன் ரிஷியிருந்த மணலைச் சேர்ந்தான். சக்தன் செய்யும் யாத்ரையில் அவன் போகிறான். அசக்தன் விஷயத்தில் யாத்ரை எம்பெருமானுடையது.

ஸந்நிதிக்கு அருகிலேயே அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பல்லவர் காலத்துப் பெரும்பாறைச் சிற்பம் இருக்கிறது. பகீரதன் தபசு என்பாரும் உண்டு. எலும்பு தெரிய மெலிந்த ஒரு தபஸ்வி ஒற்றைக் காலில் கைதூக்கி நிற்கிறான். தவவலிமையின் உருவம் அது. அதைக் காணத் தினமும் திரளான ஜனங்கள் வருகிறார்கள். சில அடி தூரத்தில், நிற்கவும் இறைக்கவும் மாட்டாதவனுக்காகத் தரையில் கிடப்பவனை ஸேவிக்க வருபவர் அவ்வளவு பேரில்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்க்கு, வல்லமையின் எல்லையும் அருளின் தொடக்கமும் அடுத்தடுத்து இருப்பது விளங்கும்.

திருவிடவெந்தையும் வராஹசரமமும்

மல்லையிலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் கோவளத்துக்கு அருகே திருவிடவெந்தை. இன்று திருவிடந்தை என்பர். அங்கே எழுந்தருளியிருப்பவன் வராஹப் பெருமான். பிராட்டியை இடப்பக்கத்தில் கொண்ட எந்தை என்பது திருநாமத்துக்குப் பெரியோர் கூறும் பொருள். நித்யகல்யாணப் பெருமாள் என்று விவாஹ ப்ரார்த்தனைக்காகவே இன்று பலரும் அங்கு போகிறார்கள். அந்த வராஹன் பூமிப்பிராட்டிக்குச் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

மூன்று சரம ச்லோகங்களுள் வராஹசரமம் ஒன்று. அதற்கென்றே ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யசிகாமணி என்னும் க்ரந்தத்தை அருளிச்செய்தார். அதன் கருத்து இது: மனம் தெளிவாகவும், உடல் திடமாகவும், தாதுக்கள் ஸமநிலையிலும் இருக்கும் காலத்தில் ஒருவன் என்னை நினைத்தானாகில், பின்பு மரணகாலத்தில் அவன் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும்போது, என் பக்தனாகிய அவனை நான் நினைக்கிறேன், பரமகதிக்கு அழைத்துச் செல்கிறேன்.

நினைக்கும் கர்த்தா மாறுவதைப் பாருங்கள். தெளிவிருக்கும்போது நினைக்கிறவன் ஜீவன். தெளிவு போனபின் நினைக்கிறவன் ஈச்வரன். நினைவு அறுந்துபோகவில்லை, கைமாறியிருக்கிறது. பக்தியோக நிஷ்டனுக்கு அந்திம ஸ்ம்ருதி உபாயத்தின் முடிவாக வேண்டும் என்பது உண்மையே. ப்ரபந்நனுக்கு அதுவும் எம்பெருமானே விளைவிக்க வேண்டிய ஒன்று. சரணாகதி கத்யத்திலும், உடல் விழும் ஸமயத்தில் தன் தயையினாலேயே தெளிவு உண்டாகும் என்று பெருமாள் எம்பெருமானாருக்கு அபயம் அளிக்கிறான். பெரியாழ்வார் நான்காம் பத்தின் பத்தாந் திருமொழியில், எய்ப்பு வந்து நலியும் காலத்தில் தம்மால் நினைக்க இயலாது என்பதைத் திருவரங்கனிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து வைத்ததும் இந்த நம்பிக்கையாலன்றோ?

இதை அடியேன் க்ரந்தத்திலிருந்து மட்டும் கற்கவில்லை. அடியேனுக்கு வேதமும் ப்ரபந்தமும் அகத்திலேயே சொல்லிவைத்தவர் திருத்தகப்பனார். அவர் கடைசி இரண்டு வருஷம் பக்ஷவாதத்தில் கிடந்தார். நா எழவில்லை. நாலாயிரமும் ஓடிய வாய் அது. தினமும் விடியற்காலையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாசுரத்தின் முதலடியைச் சொல்லிவிட்டு, அடுத்த அடியை அவர் சொல்வாரா என்று காத்திருப்பேன். உதடு அசையாதா என்று பார்ப்பேன். இப்படிப் பல மாதம். ஒருநாள் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அடியேன் அதைப் பக்திப் பரவசம் என்றே எண்ணினேன். வாசலில் நின்றிருந்த பெரியப்பா உள்ளே வந்து, “நீ அவருக்கு ஸேவிக்கிறாயா, பரீக்ஷை பண்ணுகிறாயா?” என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, “அவர் நினைக்கவேண்டிய காலத்தில் நினைத்தாயிற்று. இனி நினைக்கவேண்டியவன் வராஹன். நீ முழுப் பாசுரத்தையும் சொல்லிவிட்டு எழுந்திரு” என்றார்.

மறுநாள் முதல் முழுவதையும் அடியேனே ஸேவித்தேன். தகப்பனாரின் முகத்தில் அதற்குமுன் இல்லாத ஓர் அமைதியைக் கண்டதாக அடியேனுக்கு நினைவு. அது அடியேன் மனத்தின் அமைதியாகவும் இருக்கலாம். பல மாதம் அவரைக் குற்றவாளிபோல் கேள்வி கேட்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு சுடுகிறது. அசக்தி என்னும் சொல்லின் பொருளை வ்யாகரணத்தில் அறிந்திருந்தேன், அகத்தில் அறியவில்லை.

அம்மையாருக்கு

திருவிடவெந்தைப் பெருமானைத் திருமங்கையாழ்வார் பெரிய திருமொழி இரண்டாம் பத்தின் ஏழாந் திருமொழியில் பாடும்போது தாமாகப் பேசவில்லை. தாய்ப் பாசுரமாகப் பேசுகிறார். மகள் தளர்ந்து கிடக்கிறாள். தன் நிலையைத் தான் சொல்லமாட்டாள். தாய் பெருமான் முன் நின்று, இவள் விஷயத்தில் உன் திருவுள்ளம் என்ன என்று பாசுரந்தோறும் கேட்கிறாள். மாட்டாதவளுக்காக மற்றொருத்தி பேசுவதை ஆழ்வார் ஒரு பதிகமாகவே ஆக்கியிருக்கிறார்.

ஆகவே, அம்மா, தேவரீர் கேட்டதற்கு விடை இது. தேவரீர் அகத்தில் அவர் நினைப்பதில் அசக்தர். நினைக்கப்படுவதில் அசக்தர் அல்லர். ‘வல்லார்’ கணக்கிலிருந்தும் அவர் நீங்கவில்லை. அவர் ஓதிய இருபது வருஷமும் ஓதப்பட்டதுதான். மறதி அதைப் பின்சென்று அழிக்காது. அவரை அடுத்த அடி சொல்லச் சொல்லிக் கேட்கவேண்டாம். திருமந்த்ரம் நினைவிருக்கிறதா என்று சோதிக்கவேண்டாம். தேவரீருக்குத் தெரிந்த பாசுரத்தை அவர் காதில் விழும்படி முழுதும் சொன்னால் போதும். திருமண் இட்டுவிட்டு, தீர்த்தம் கொடுத்து, வேளைக்கு அன்னம் ஊட்டுவதே இப்போது அந்த அகத்தில் நடக்கும் கோஷ்டி. புண்டரீகரிடம் எம்பெருமான் கேட்டதும் அன்னம்தானே.

உறவினருக்கு ஒன்றும் பதில் சொல்லவேண்டாம். அவருக்கும் ஒருநாள் இந்தச் சொல் வேண்டியிருக்கும். அன்று அவர் பக்கத்தில் இருப்பவர் அதை இரக்கத்தோடு சொல்லட்டும்.

அடியேனுக்கும் எழுபது கடந்துவிட்டது. கோஷ்டியில் நடுநடுவே அடி தப்புகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் குரலை உயர்த்தி மூடிவிடுகிறார்கள். அது தெரிந்தும் தெரியாததுபோல் நிற்கிறேன். தெளிவுள்ள இந்த நாளில் எழுதிவைத்த இவ்வார்த்தைகளில் பிழையிருந்தால் பாகவதர்கள் க்ஷமித்தருளப் ப்ரார்த்திக்கிறேன்.

ஸ்தலசயனப் பெருமாள் திருவடிகளே சரணம்.